எழுந்து வரத் தெரியாதவர்

எதிரில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் அக்காவால் எழுந்து வர முடியாது. அவரைப் பற்றி எங்கிருந்து சொல்லத் தொடங்கினாலும் இங்கேதான் வந்து நிற்கிறேன்.

ஒருமுறை பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு அவரோடு போனேன். எனக்கு ஒரு பழைய மர ஸ்டூல் வேண்டியிருந்தது. கால் மணி நேர வேலை. வழியில் பழைய மிக்ஸிகளைத் துணியில் பரப்பி வைத்திருந்த ஒருவரிடம், போகிற போக்கில், "இது ஓடுமாண்ணா?" என்று கேட்டுவிட்டார். ஓடும் என்றார் அந்த மனிதர். தன் தம்பி வீட்டு மிக்ஸி என்றார். தம்பி இப்போது தன்னோடு பேசுவதில்லை என்றார். அவ்வளவுதான், அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேலே விமானம் தாழ இறங்கும்போது மட்டும் மிக்ஸிக்காரர் பேச்சை நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அக்கா தலையாட்டவில்லை, உச்சுக் கொட்டவில்லை, நடுவில் ஒரு கேள்வி கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாங்கள் ஸ்டூல் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

"நடுவுல எழுந்து வந்திருக்கலாமே அக்கா," என்றேன்.

"அவரு பாதில கீறாரு மேடம். பாதில எப்டி வர்றது?"

அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டார், கூச்சப்படுவார். எனக்கு அக்கா. என்னைவிடப் பன்னிரண்டு வயதாவது மூத்தவர். அவருக்கு நான் இன்றுவரை மேடம்தான். எத்தனை முறை சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை.

பம்மலில் வீடு. வேலை, கொசு ஒழிப்பு. ஒப்பந்த அடிப்படையில் எடுத்திருந்தார்கள். புடவைக்கு மேலே ஒரு முழுக்கைச் சட்டை, தோளில் பை, பைக்குள் டார்ச், மருந்து பாட்டில், ஒரு நீளக் கரண்டி. தெருத் தெருவாகப் போய் வீட்டுக்குள் ஏறி, தண்ணீர்த் தொட்டி, டிரம், பூந்தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு என்று தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் டார்ச் அடித்துப் புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் மருந்து ஊற்ற வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டுவிட்டு அடுத்த வீடு. ஒரு நாளைக்கு ஐம்பது வீடு. வாரம் ஒருமுறை அதே வீட்டுக்குத் திரும்ப வருவார்கள்.

வேறு யாரை நாம் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வரை விடுகிறோம்? எங்கள் திட்டத்தில் இவர்களைச் சேர்த்ததற்கே அதுதான் காரணம்.

எங்கள் திட்டம் என்றால், அப்போது நான் வேலை பார்த்த ஒரு சின்ன அறக்கட்டளையுடையது. கொரோனாவுக்குப் பிறகு, மக்களோடு முன்வரிசையில் நிற்கிறவர்களுக்கு மனநலப் பயிற்சி கொடுக்க ஓராண்டுத் திட்டம் ஒன்று கிடைத்தது. ஆம்புலன்ஸில் போகிறவர்கள், தீயணைப்பு நிலையத்தார், துப்புரவு மேற்பார்வையாளர்கள், கிராம செவிலியர், இந்தக் கொசு ஒழிப்புப் பெண்கள் என்று முப்பது பேர். மன அதிர்ச்சியில் இருப்பவரை எப்படி அடையாளம் காண்பது, எப்படிப் பேசுவது, எங்கே அனுப்புவது என்று மூன்று நாள் பயிற்சி. பிறகு மாதம் ஒரு கூட்டம். நான் சமூகப்பணி படித்தவள், பயிற்சி நடத்துவது என் பொறுப்பு. தாம்பரம் மேற்கில் ஒரு மண்டபத்தின் மாடியில் நடந்தது. கீழே காதுகுத்து நடந்துகொண்டிருந்தது. முதல் நாள் முழுக்க நாதஸ்வரத்தோடு போட்டி போட்டுக்கொண்டு கத்தினேன்.

அதிர்ச்சி என்றால் என்ன என்று திரையில் காட்டி விளக்கியபோது முதலில் கை தூக்கியவர் அவர்தான்.

"அதிர்ச்சின்னா பட்னு வந்து பூடறது மேடம். நீங்க சொல்றது அப்டி இல்லியே. இது வந்து தங்கிக்கினு கீது."

சரியான வார்த்தை என்னிடமும் இல்லை. அதனால் அவர் சொன்னதையே பலகையில் எழுதினேன். 'வந்து தங்கிவிடுவது.'

இரண்டாம் நாள் நடித்துப் பார்க்கும் பயிற்சி. ஒருவர் பாதிக்கப்பட்டவராக உட்கார வேண்டும், இன்னொருவர் கேட்பவராக. ஐந்து நிமிடம். அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். தடித்த மீசைக்காரர், இரண்டு நாளும் கடைசி வரிசையில் ஜோக் அடித்துக்கொண்டிருந்தவர். முதலில் அழுவதுபோல மூக்கை உறிஞ்சி எல்லோரையும் சிரிக்க வைத்தார். அக்கா சிரிக்கவில்லை. காத்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கியது. ஓட்டுநர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இரும்புலியூர் பக்கம் ஒரு பைக் கேஸு," என்று ஆரம்பித்தார். "அப்பாவும் பொண்ணும். பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. அப்பா வண்டியில ஏத்தும்போதே முடிஞ்சிட்டாரு. அது எனக்குத் தெரியும், பொண்ணுக்குத் தெரியாது. அப்பாவோட டிபன் பையை மடியில வெச்சுக்கினு, இதை எங்கண்ணா வைக்கறது, இதை எங்கண்ணா வைக்கறதுன்னு கேட்டுக்கினே வருது..."

ஐந்து நிமிடம் தாண்டியது. பத்து. தேநீர் வந்து ஆறியது. எங்கள் அறக்கட்டளை இயக்குநர் கதவோரம் நின்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அக்கா திரும்பவே இல்லை. ஓட்டுநர் வேறொரு விபத்துக்குப் போனார், அதிலிருந்து தன் வீட்டுக்குப் போனார், மகளை இப்போதெல்லாம் பைக்கில் ஏற்றுவதில்லை என்பதற்குப் போனார். நாற்பது நிமிடம். கடைசியில் தானாகவே நிறுத்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டீ ஆறிடுச்சே," என்றார். அக்கா அப்போதுதான் எழுந்தார்.

அன்றைக்கு என் அறிக்கையில் அவரைப் பற்றி எழுதியது நினைவிருக்கிறது: 'கேட்பது இவருக்கு இயல்பாகவே வருகிறது.' பயிற்சி முடிந்ததும் சான்றிதழோடு அவரை நிற்க வைத்துப் புகைப்படம்கூட எடுத்தேன். எங்கள் ஆண்டு அறிக்கையின் அட்டையில் அதுதான் வந்தது.

மூன்றாம் நாள் பாடம், உரையாடலை முடித்தல். கேட்பவருக்கும் ஓர் அளவு உண்டு, அதைத் தாண்டினால் அவரே விழுந்துவிடுவார் என்பது பாடத்தின் சாரம். முடிப்பதற்கு ஒரு வாக்கியம் கொடுத்திருந்தோம். "இன்னைக்கு இது போதும். அடுத்த வாரம் வரேன், மீதியைப் பேசலாம்." எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். அக்காவின் முறை வந்தபோது சிரித்துவிட்டார்.

"சொல்லிட்டு எழுந்துக்கணுமா மேடம்?"

"ஆமாக்கா. சொல்லிட்டு எழுந்துக்கணும்."

"எழுந்து எங்க போறது?"

மண்டபமே சிரித்தது. நான் விடவில்லை. மூன்று முறை சொல்ல வைத்தேன். மூன்றாவது முறை திக்காமல் சொல்லி, நாற்காலியிலிருந்து எழுந்தும் காட்டினார். எல்லோரும் கைதட்டினோம்.

அதன்பிறகு மாதக் கூட்டங்கள். மற்றவர்கள் படிவத்தை நிரப்பிக்கொண்டு வருவார்கள். இவர் வெறுங்கையோடு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்து சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். திருமணமாகிப் பதினைந்து வருடமாக வாசலைத் தாண்டாத ஒரு பெண். தொழிற்சாலை மூடியதிலிருந்து சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர். சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லாததை, தொட்டிக்கு மருந்து ஊற்ற வந்தவரிடம் சொல்லியிருந்தார்கள். எப்படிக்கா என்று கேட்டால், "நான் ஒண்ணும் கேக்கறதில்ல மேடம். கரண்டிய கழுவிக்கினு நிப்பேன்," என்பார்.

ஏன் எழுந்து வர முடியவில்லை என்று ஒருநாள் அழுத்தியே கேட்டேன். சின்ன வயதில் ஏதாவது நடந்திருக்கும், அதைச் சொல்வார் என்று என் படிப்பு என்னை எதிர்பார்க்க வைத்திருந்தது. அவர் நிஜமாகவே யோசித்தார்.

"தெரியல மேடம். காலு எழுந்துக்க மாட்டேங்குது."

ஐந்தாவது மாதம் அவருடைய மேற்பார்வையாளர் எனக்குப் போன் செய்தார்.

"மேடம், உங்க ட்ரெய்னிங்குக்கு அப்புறம் இந்தம்மா ஒரு நாளைக்கு இருபது வீடு தாண்டல. கேட்டா, ஒருத்தர் பேசிட்டிருந்தாருங்கறாங்க. எனக்கு மேலேர்ந்து கேக்கறாங்க. பக்கத்துத் தெருவுல ரெண்டு குழந்தைக்கு டெங்கு. இவங்க பாக்காம விட்ட தெரு அது. நான் என்ன சொல்லட்டும்?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. அவர் சொன்னதில் தவறும் இல்லை.

அடுத்த கூட்டம் முடிந்ததும் அக்காவைத் தனியாக உட்கார வைத்துப் பேசினேன். எல்லோருடைய பாரத்தையும் நீங்களே தூக்க முடியாது, வேலை போய்விட்டால் யாருக்கும் உதவ முடியாது, நீங்கள் நன்றாக இருந்தால்தான் அவர்களும் நன்றாக இருப்பார்கள் என்று புத்தகத்தில் இருப்பதையெல்லாம் சொன்னேன். இன்றைக்கும் அதில் ஒரு வரியைக்கூட என்னால் தவறென்று சொல்ல முடியவில்லை.

"அந்த வாக்கியம் ஞாபகம் இருக்காக்கா?"

"கீது மேடம்."

"ஒரே ஒரு தடவை சொல்லிப் பாருங்க. முதல் தடவைதான் கஷ்டம்."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அப்போது அவருக்குக் கோவிலம்பாக்கம் பக்கம் ஒரு காலனியில் வேலை போட்டிருந்தார்கள். அங்கே ஒரு மாடி வீடு. அப்பா ஓய்வு பெற்ற அலுவலர், அம்மா, இருபத்தேழு வயதுப் பெண். அந்தப் பெண் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். கொரோனா வார்டில் வேலை பார்த்துவிட்டு, எல்லாம் அடங்கிய பிறகு ஒருநாள் வேலைக்குப் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை. சொந்தக்காரர்களிடம் ஜெர்மனிக்குப் போகப் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவள் மொட்டை மாடிக்குப் போகும் படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். தொட்டியைப் பார்க்க வேண்டுமென்றால் அக்கா அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

முதல் வாரம் அம்மா கீழேயே தடுத்தார். "மேல எல்லாம் சுத்தமா இருக்கு. நீங்க அட்டையில எழுதிட்டுப் போங்க." அக்கா, பார்க்காமல் எழுத மாட்டேன் என்று ஏறிவிட்டார். அந்தப் பெண் நகர்ந்து வழிவிட்டாள். மூன்றாம் வாரம், "தொட்டி மூடிதான் இருக்கு," என்றாள். ஐந்தாம் வாரம், "ஒரு நாளைக்கு எத்தனை மாடி ஏறுவீங்கக்கா? கால் வலிக்காதா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் அம்மா தடுக்கவில்லை. அக்கா வந்துபோகிற நாளில் மட்டும் மகள் தானாகத் தட்டை எடுத்து வைத்துச் சாப்பிடுகிறாள் என்பதை அம்மா கவனித்திருந்தார்.

அக்கா என்னிடம் சொல்ல, நான் அந்த அம்மாவிடம் போனில் பேசினேன். அரசு மருத்துவமனையில் வியாழக்கிழமை மனநல மருத்துவர் பார்க்கிறார், கூட்டிப்போகலாம் என்றேன்.

"அங்கெல்லாம் எப்படிங்க? யாராவது தெரிஞ்சவங்க பாத்துட்டா? கல்யாணம் பண்ண வேண்டிய பொண்ணு." பிறகு தயங்கி, "அந்தத் தொட்டி பாக்கற அம்மா வந்து போனாலே போதுங்க," என்றார்.

நான் அதையும் எழுதிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் அந்தப் படியில் நடந்ததை அக்கா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகளில்தான் சொல்வார்.

அக்கா தொட்டியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். அந்தப் பெண் படியில் கொஞ்சம் ஒதுங்கி, பக்கத்தில் இடம் விட்டாள். அக்கா உட்கார்ந்தார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா. யார்கிட்டயும் சொன்னதில்ல," என்றாள். "பதினாலாம் நம்பர் பெட்ல ஒருத்தங்க இருந்தாங்க. அவங்க என் கையப் பிடிச்சுக்கிட்டு..."

அக்காவின் போன் அடித்தது. மேற்பார்வையாளர். காலையிலிருந்து நான்காவது முறை. அந்த வாரம்தான் அக்காவுக்கு எழுத்து மூலமாக எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு முடிந்தது பதினொரு வீடு. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் பேச்சை நிறுத்திப் போனைப் பார்த்தாள்.

அக்கா சொன்னார்: "இன்னிக்கு இது போதும்மா. அடுத்த வாரம் வரேன், மீதிய பேசலாம்." சொல்லிவிட்டு எழுந்தார்.

"சரிக்கா," என்றாள். சிரித்தாள்.

"வாசல் வரிக்கும் கூட வந்தா மேடம். அதுவரிக்கும் எறங்கி வந்ததே இல்ல. கேட்டுக் கதவ அவளே சாத்துனா."

அன்று மாலை அக்கா எனக்குப் போன் செய்தார். "சொல்லிட்டேன் மேடம்," என்றார். குரல் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. "சூப்பர்க்கா. பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல இல்ல?" என்றேன்.

அடுத்த வாரம் வீடு பூட்டியிருந்தது. அதற்கடுத்த வாரமும்.

அக்கா என்னைக் கூப்பிட, இருவரும் சேர்ந்து போனோம். எதிர்வீட்டில், நடு இரவில் ஏதோ சத்தம் கேட்டது, விடியற்காலையில் கார் வந்தது என்றார்கள். பக்கத்து வீட்டில், ஊருக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள் என்றார்கள். தெருமுனை இஸ்திரிக்காரர், ஏதோ ஒரு கோயிலில் தங்க வைத்து மந்திரிக்கிறார்களாம் என்றார். ஆஸ்பத்திரி என்றும் ஒருவர் சொன்னார். அம்மாவின் போன் அணைந்திருந்தது. அப்பாவின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன்.

"நீங்க யாரு?" என்றார். சொன்னேன்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். இது ஃபேமிலி மேட்டர். எங்க பொண்ண நாங்க பாத்துக்கறோம்."

"அவங்க இப்ப எப்படி இருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க சார்."

"நல்லா இருக்கா. இனிமே கூப்பிடாதீங்க."

பிறகு அந்த எண்ணுக்கு என் அழைப்பு போகவில்லை. பெண் வயது வந்தவள், பெற்றோரோடு இருக்கிறாள். யாரிடம் போய் என்னவென்று புகார் கொடுப்பது? இயக்குநரிடம் சொன்னேன். அவரும் வருத்தப்பட்டார். பிறகு, "அறிக்கையில் இதை எந்தக் கட்டத்தில் போடுவோம்? மேல்சிகிச்சைக்கு அனுப்பியதிலா, விலகியதிலா?" என்று கேட்டார். 'தொடர்பு இல்லை' என்று ஒன்று இருந்தது. அதில் போட்டேன்.

அக்கா என்னைக் குறை சொல்லவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"பதினாலாவது பெட்டுல இன்னா மேடம் ஆயிருக்கும்?"

"தெரியலக்கா."

"கையப் புடிச்சிக்கினுன்னு சொன்னா. கையப் புடிச்சிக்கினு இன்னா?"

அதன்பிறகு அவர் முன்னைவிட மோசமானார். ஒரு வீட்டில் உட்கார்ந்தால் எழுவதே இல்லை. குரோம்பேட்டையில் ஒரு பெரியவர் காலை பத்து மணிக்கு மகனைப் பற்றிப் பேசத் தொடங்கி, ஓய்ந்து, தூங்கியும்விட்டார். அவர் விழித்து மீதியைச் சொல்வார் என்று மாலை நான்கு மணிவரை இவர் உட்கார்ந்திருந்தார். மருமகள் வந்து சத்தம் போட்டு வெளியே அனுப்பினாள். அந்தக் காலாண்டு முடிந்ததும் ஒப்பந்தப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. நான் மேற்பார்வையாளரிடம் கெஞ்சினேன். "நான் எழுதி அனுப்பினேன் மேடம். மேல எடுத்துட்டாங்க," என்றார். இருக்கலாம்.

அதே சமயம் எங்கள் திட்டமும் முடிந்தது. ஓராண்டுக்குத்தான் அனுமதி. கோப்புகளையும் அலுவலக சிம் கார்டையும் ஒப்படைத்துவிட்டு, ராஜீவ் காந்தி சாலையில் ஒரு கம்பெனியில் ஊழியர் நலப் பிரிவில் சேர்ந்துவிட்டேன். அக்காவுக்கு என் சொந்த எண்ணைக் கொடுக்க நினைத்திருந்தேன். கொடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எப்படியோ என் எண்ணைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டார். "மேடம், அந்தக்கா உங்களுக்குப் போன் போட்டுக்கினே கீறாங்களாம். போகவே இல்லையாம். ஒருதபா போய்ப் பாருங்க."

மறுநாளே பம்மலுக்குப் போனேன். பழைய தோல் கிடங்குக்குப் பின்னால் ஒன்றையொன்று ஒட்டி வீடுகள் உள்ள சந்து. அக்காவின் மகள்தான் கதவைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள அனகாபுத்தூரிலிருந்து வந்திருந்தாள்.

"தூங்கறதே இல்லீங்க. சொல்லு, யார்கிட்டயாவது பேசுன்னா பேசறதும் இல்ல. யாராச்சும் வந்து பேசுனா மட்டும் எழுந்துக்க மாட்டேங்குது. சோறு தண்ணி இல்ல."

அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க மேடம். சாப்டீங்களா?"

எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வரும் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். "நான்தான்க்கா அந்த வாக்கியத்தைச் சொல்ல வெச்சேன்."

"நீங்க படிச்சதச் சொன்னீங்க. உங்க மேல இன்னா கீது?"

இரண்டு திட்டு திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று எவ்வளவு நேரம் ஆனாலும் அவர் பேசுவதைக் கேட்டுவிட்டுத்தான் எழுவது என்று போயிருந்தேன். அவர் பேசவில்லை. என் புது வேலையைப் பற்றிக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் நான்தான் பேசியிருக்கிறேன் என்பது எழுந்தபோதுதான் தெரிந்தது.

அந்த வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு அவரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். ஒரு வருடம் முழுக்க எத்தனையோ பேருக்கு அந்த இடத்தைக் கைகாட்டியிருந்தேன்; நேரில் போய்ப் பார்த்தது அன்றுதான். நடைபாதை முழுக்க மக்கள். ஒரே ஒரு மருத்துவர், சின்ன வயதுக்காரர், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மூன்று மணி நேரம் காத்திருந்தோம். நோயாளியை மட்டும்தான் உள்ளே விட்டார்கள், நான் வெளியே நின்றேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அக்கா சீட்டோடு வந்தார்.

"என்னக்கா சொன்னீங்க?"

"தூக்கம் வரலன்னேன். மாத்திர எழுதிக் குடுத்தாரு."

"அந்தப் பொண்ணப் பத்தி?"

"ஆரம்பிச்சேன் மேடம். அதுக்குள்ள அடுத்த ஆள் உள்ள வந்துட்டாங்க." சீட்டை நான்காக மடித்தார். "பாவம், டாக்டருக்கும் தூக்கம் இல்லையாம். ராத்திரியும் டூட்டியாம். அவரே சொன்னாரு."

மருந்து வாங்கும் வரிசையில் நின்றோம். "எங்கிட்ட சொல்லுங்கக்கா. அவர்கிட்ட சொல்ல வந்தத எங்கிட்ட சொல்லுங்க," என்றேன்.

"உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே மேடம்."

அடுத்த மாதமும் வியாழக்கிழமை போகலாம் என்று சொல்லியிருந்தேன். எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மகள் கூட்டிப்போனதாகச் சொன்னாள். அதற்கடுத்த மாதம் யாரும் போகவில்லை. கோவிலம்பாக்கம் வீட்டில் இப்போது வேறொரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அந்தப் பெண் எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போன மாதம் ஒரு மதிய நேரம் அக்காவே கூப்பிட்டார். வேலைக்குப் போகிறேன் என்றார். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற ஒரு பட்டறை. வரிசையாக மெஷின்கள் ஓடுகின்றன, இவருக்கு நூல் கத்தரித்து அடுக்கும் வேலை. சாப்பாட்டு நேரம், மற்றவர்கள் வெளியே மரத்தடிக்குப் போய்விட்டார்கள், நான் உள்ளேயே சாப்பிடுகிறேன் என்றார்.

"ஏன்க்கா, அவங்களோட போய் உட்காரலாமே?"

"வேணாம் மேடம். வெளிய போனா பேசுவாங்க. இங்க எப்பவும் ரெண்டு மெஷினாவது ஓடிக்கினு கீது. அந்தச் சத்தத்துல ஒரு ஆளு சொல்றது இன்னொரு ஆளுக்குக் கேக்காது. அத்தொட்டு யாரும் பேசறதில்ல. அதனாலதான் இந்த வேலைக்கு வந்தேன். நல்லா கீது மேடம்."

அவர் குரலுக்குப் பின்னால் மெஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. இன்னும் சில மெஷின்களை யாரோ ஓட்டத் தொடங்கியிருக்க வேண்டும், சத்தம் கூடியது.

"மாத்திரை சாப்பிடறீங்களாக்கா?" என்றேன்.

"இன்னா மேடம்?"

"மாத்திரை. தூக்கம் வருதா?"

"கேக்கல மேடம்."

என் அலுவலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி இன்னொரு முறை உரக்கச் சொன்னேன். அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை. நானும் துண்டிக்கவில்லை.